தொட்டிலில் இடும் பெயர்: ஐரிஷ் ஆண் பெயர்களின் வரலாறு

அயர்லாந்தில் ஆண் குழந்தை பிறந்த ஒரு வீட்டில், மரபான ஐரிஷ் பெயர் ஒன்றையே சூட்டுவது என்று பெற்றோர் முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எளிய முடிவாகத்தான் தோன்றும். ஆனால் மரபான பெயர் எது என்று கேட்கத் தொடங்கியதுமே சிக்கல் வந்துவிடுகிறது. உலகமே ஐரிஷ் பெயர் என்று கருதும் ஷான், உண்மையில் யோவான். எபிரேயத்தில் பிறந்து, இலத்தீன் வழியே பிரெஞ்சுக்குச் சென்று, 1169இல் அயர்லாந்துக்குள் நுழைந்த நார்மானியர்களோடு வந்திறங்கிய பெயர் அது. ஷேமஸ் என்பவர் யாக்கோபு. லியம் என்பது வில்லியம் என்னும் செருமானியப் பெயரின் ஐரிஷ் வடிவத்தில் எஞ்சிய வால். பாட்ரிக்கோ இலத்தீன், அப்பெயரைத் தாங்கிய புனிதரும் ஐந்தாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து அடிமையாகக் கவர்ந்துவரப்பட்டவர்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. ஐரோப்பாவின் பொதுப்பெயர் போல ஒலிக்கும் ஆஸ்கர், ஐரிஷ் வீரகதைகளில் வரும் ஃபின்னின் பேரன், ஓஷீனின் மகன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மக்பெர்சன் வெளியிட்ட ஓசியன் பாடல்களில் மயங்கிக் கிடந்தவர் நெப்போலியன். 1799இல் அவருடைய தளபதி பெர்னடாட்டுக்குப் பிறந்த மகன் ஆஸ்கர் என்று பெயர் பெற்றது நெப்போலியனின் விருப்பத்தால்தான் என்பர். அக்குழந்தையே பின்னாளில் சுவீடனின் முதலாம் ஆஸ்கர் மன்னர். ஆக, உள்ளூர் என்று நினைப்பது வெளியூராகவும், வெளியூர் என்று ஒதுக்குவது உள்ளூராகவும் இருக்கிறது. அப்படியானால் 'மரபு' என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள்?

மிகப் பழைய அடுக்கிலிருந்து தொடங்குவோம். கி.பி. நான்காம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு வரை, கல்லின் விளிம்பில் கோடுகளாக வெட்டப்பட்ட ஓகம் எழுத்துக் கல்வெட்டுகள் அயர்லாந்தில் பெரும்பாலும் தெற்கே கிடைக்கின்றன. அரசாணையோ கொடையோ அவற்றில் இல்லை. இருப்பவை பெயர்கள் மட்டுமே. 'இன்னாரின் மகன் இன்னாருடையது' என்பதே அவற்றின் வழக்கமான வாசகம். மகன் என்பதற்கு அங்கே வரும் சொல் 'மகி'. பின்னர் அது 'மக்' ஆயிற்று. (நம் 'மகன்' என்பதோடு ஒலி ஒத்திருப்பதைக் கண்டு யாரும் குதிக்க வேண்டாம், அது தற்செயல்.) ஐரிஷ் மொழியின் எழுத்து வரலாறே மனிதப் பெயர்களின் வரலாறாகத்தான் தொடங்குகிறது.

அந்தப் பழம்பெயர்களில் காடும் போரும் நிறைந்திருக்கின்றன. ஓஷீன் என்றால் மான்குட்டி. ஏ என்று ஒலிக்கும் 'ஏத்' என்னும் பழம்பெயருக்கு நெருப்பு என்று பொருள். கொன்கோவர், இன்றைய வழக்கில் கானர், வேட்டைநாய்களை விரும்புபவன். நாய் என்பது அங்கே இழிசொல் அன்று, வீரனுக்குரிய உவமை. செட்டன்டா என்னும் சிறுவன் குலன் என்ற கொல்லனின் காவல்நாயைக் கொன்றுவிட்டு, அதற்கு ஈடாகத் தானே காவல் நிற்பதாக ஒப்புக்கொண்டதால் கூ குலன், அதாவது குலனின் நாய், ஆனான். ஃபின்னுக்கும் இளமைப்பெயர் டெம்னே. அப்பழங்கதைகளில் தொட்டிலில் இட்ட பெயர் தற்காலிகமானது. நிலைக்கும் பெயரைப் பிள்ளை தானே ஈட்டிக்கொள்ள வேண்டும்.

கிறித்தவம் வந்தபின் இன்னொரு நுட்பம் சேர்ந்தது. புனிதரின் பெயரை நேரடியாகப் பிள்ளைக்கு வைப்பது மிகையான துணிச்சல் என்று ஐரிஷ் மக்கள் கருதினர். எனவே 'கில்லா பாட்ரிக்' என்று வைத்தனர், பாட்ரிக்கின் ஊழியன். 'மேய்ல் பாட்ரிக்' என்று வைத்தனர். பாட்ரிக்குக்காகத் தலை மழித்த அடியான். வெறும் பாட்ரிக் என்பது ஐரிஷ் மொழி பேசியோரிடையே பரவலான இயற்பெயராக ஆனது பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகே. இன்று அயர்லாந்தின் அடையாளமாகவே கொள்ளப்படும் பெயரை, அந்நாட்டார் சுமார் ஆயிரம் ஆண்டுகள் பக்தியின் காரணமாகவே பிள்ளைகளுக்கு வைக்கத் தயங்கினார்கள்!

நார்மானியர் வந்தபின் பெயர்கள் இருபுறமும் பாய்ந்தன. வந்தவர்கள் ஐரிஷ் பெயர்களைப் பூண்டனர். இருந்தவர்கள் வில்லியத்தையும் யோவானையும் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டனர். இந்தக் கலப்பு அரசுக்குப் பிடிக்கவில்லை. 1366இல் கில்கென்னிச் சட்டங்கள், குடியேறிய ஆங்கிலேயர் ஆங்கிலப் பெயரையே தாங்க வேண்டும், ஆங்கிலமே பேச வேண்டும் என்று ஆணையிட்டன. அந்தச் சட்டங்கள் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு என்பது வரலாற்றின் குறும்பு. 1465இல் இன்னொரு சட்டம் மறுதிசையில் பாய்ந்தது. டப்ளினைச் சூழ்ந்த ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஓர் ஊரின் பெயரையோ, நிறத்தின் பெயரையோ, தொழிலின் பெயரையோ ஆங்கிலத்தில் குடும்பப்பெயராக ஏற்க வேண்டும் என்றது அது. வெள்ளை, கறுப்பு, கொல்லன், தச்சன், சமையற்காரன் என்று மாதிரிகளும் தரப்பட்டன.

சட்டங்கள் அப்போது முழுமையாக வெல்லவில்லை. 1601இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர்கள் தோற்று, 1607இல் அவர்களில் முக்கியமானோர் கடல் கடந்து சென்றபின்தான் பெயர்களின் நிலைமை உண்மையில் மாறியது. அப்போது சென்ற டைரோன் பிரபுவின் பெயர் ஏ ஓ நீல். ஆங்கில வரலாற்று நூல்களிலோ அவர் ஹியூ ஓ நீல். நெருப்பு என்னும் பொருளுடைய பெயர், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஹியூ ஆகிவிட்டது. இவ்வாறே டியர்மிட் ஜெரமையா ஆனான். டொன்னகா டெனிஸ் ஆனான். கஹல் சார்லஸ் ஆனான். ஓவன் யூஜின் ஆனான். கொன்கோவர் கொர்னேலியஸ் ஆனான். இது மொழிபெயர்ப்பு அன்று; ஒலிபெயர்ப்பும் அன்று; ஆள்மாறாட்டம். ஏதோ ஓரெழுத்து ஒத்தால் போதும் என்று விவிலியத்திலிருந்தோ ஆங்கில வழக்கிலிருந்தோ ஒரு பெயரை எடுத்துக் குழந்தையின்மேல் போர்த்தினார்கள்.

இவற்றுள் மிகக் கொடிய பயணம் ஒரு பெயருடையது. டி, ஏ, டி, எச், ஜி என்ற ஐந்து எழுத்துகளால் எழுதி 'டைக்' என்று ஒலிக்கும் அப்பெயருக்குப் பொருள் புலவன். ஆங்கிலேயர் அதை 'டீக்' என்று ஒலித்து ஐரிஷ்காரன் எவனுக்கும் பொதுவான கேலிப்பெயர் ஆக்கினர். 1688ஐ ஒட்டிப் புகழ்பெற்ற 'லில்லிபுலேரோ' என்ற ஏளனப் பாடலில் வரும் ஐரிஷ்காரனுக்கு அதுதான் பெயர். அதன் திரிபு வட அயர்லாந்தில் கத்தோலிக்கரைத் திட்டும் வசைச்சொல்லாக நம் காலம் வரை நீடிக்கிறது. புலவன் வசவாகிப் போனதால், பிள்ளைக்கு டிமோதி என்று எழுதிவைத்த தகப்பனை நாம் எப்படிக் குறை சொல்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதை முடித்துவைத்தது. 1831 முதல் அரசின் தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் கற்பித்தன. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இறந்தனர். மேலும் பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அடி விழுந்தது பெரும்பாலும் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளில். 1864இல் எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்யும் முறை வந்தபோது, பதிவேட்டில் ஏறியவை பெரும்பாலும் ஆங்கில வடிவங்களே. வீட்டுக்கு ஒரு பெயர், தாளுக்கு ஒரு பெயர் என்று ஒரு தலைமுறை முழுவதும் இரட்டைப் பெயரோடு வாழ்ந்தது. ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற ஓ டொனவன் ரோசாவை உலகம் ஜெரமையா என்றே அறியும்; ஐரிஷ் பேசி வளர்ந்த அவர், அம்மொழியில் டியர்மிட்.

1892 நவம்பரில் டப்ளினில் டக்ளஸ் ஹைட் ஆற்றிய புகழ்பெற்ற உரை, இழந்தவற்றின் கணக்கில் மனிதப் பெயர்களையும் சேர்த்தது. மறு ஆண்டே கேலிக் லீக் தோன்றியது. பெயர் ஓர் அரசியல் செயலாயிற்று. 1905இல் டானிகால் பகுதியைச் சேர்ந்த நீல் மக் கில்லா வ்ரீட, தன் வண்டியில் பெயரை ஐரிஷ் மொழியில் எழுதியதற்காக வழக்கைச் சந்தித்தார். வண்டியில் உரிமையாளர் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து அந்தக் கணக்கில் வராது என்றது அரசு. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் பாட்ரிக் பியர்ஸ், 1916 எழுச்சியின் தலைவராகச் சுட்டுக்கொல்லப்பட்டவர். வழக்கு தோற்றது. அந்தக் குடும்பப்பெயருக்குப் பொருள் 'பிரிஜித்தின் ஊழியனுடைய மகன்' என்பதை இங்கே நினைவுகொள்ளலாம். மழித்த தலையும் பணிவும் கொண்ட பழைய பக்தி மரபு, வண்டிப் பலகை ஒன்றில் ஏறி நீதிமன்றம் வரை வந்திருக்கிறது.

பெரியவர்களும் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். சார்லஸ் பர்ஜஸ் என்று பிறந்தவர் கஹல் ப்ரூகா ஆனார். ஜான் கேசி என்று பிறந்த நாடகாசிரியர் ஷான் ஓ கேசி ஆனார். நியூயார்க்கில் பிறந்து எட்வர்ட் என்று திருமுழுக்குப் பெற்றவர் ஏமன் டி வலேரா ஆனார். கவனித்தால் ஒன்று புரியும். சார்லஸுக்கும் கஹலுக்கும் உறவில்லை. பழைய ஆள்மாறாட்டம் இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது. ஏமன் என்பதும் ஆங்கில மூலமுடைய பெயர்தான். மீட்டவர்கள் தூய்மையைத் தேடவில்லை. தம் மொழியின் வாயில் ஒலிக்கும் பெயர் போதும் என்றிருந்தார்கள்.

இன்றைய பெற்றோரின் சிக்கல் எழுத்துக்கூட்டல். பழைய எழுத்தில் மெய்யின்மேல் ஒரு புள்ளி வைத்து ஒலி மென்மையாவதைக் காட்டினார்கள். உரோமன் அச்சுக்கு மாறியபோது அப்புள்ளி 'எச்' என்னும் எழுத்தாயிற்று. ஐரிஷ் பெயர்களைக் கண்டு பிறர் மிரள்வதற்கு இதுவும் ஒரு காரணம். உயிரெழுத்தின்மேல் இடும் நெடிற்கோட்டைக் கணினிகள் நெடுங்காலம் விழுங்கிவந்தன. பொது அமைப்புகள் அதைச் சரியாகப் பதிய வேண்டும் என்பதற்கு அயர்லாந்து 2021இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கெவின் என்று எழுதினால் உலகம் எளிதில் படிக்கும். மூல வடிவான கீவீன் என்பதை எழுதினால், விமான நிலையம்தோறும் பிள்ளை விளக்கம் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்தோரை ஆண்டாண்டாக அனுப்பிய நாட்டில் இது சிறிய கவலை அன்று.

இன்னொரு நுட்பம் நம் போன்ற இலக்கண மாணவர்களுக்கு உவப்பானது. நம் மொழியில் விளிவேற்றுமையில் பெயரின் ஈறு திரியும். ஐரிஷில் முதலெழுத்தே திரிகிறது. ஷேமஸை அழைத்தால் 'அ ஹேமிஷ்'. ஸ்காட்லாந்தில் இந்த அழைப்பு வடிவத்தைக் கேட்ட ஆங்கிலேயர் அதையே பெயர் என்று கொண்டதால் ஹேமிஷ் என்றொரு தனிப்பெயர் உண்டாயிற்று. பதிவேட்டில் இருப்பது ஒரு பெயர். தாய் வாசலில் நின்று கூப்பிடும்போது பிள்ளை கேட்பது இன்னொன்று. ஐரிஷ் பெயரை ஐரிஷ் பெயராக்குவது பிறப்பிடம் அன்று, இந்தத் திரிபுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷான் பிரெஞ்சிலிருந்து வந்தாலென்ன, அந்த மொழி தன் இலக்கணத்தால் அவனை அழைத்த நாளிலேயே அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டான்.

எனவே மரபான பெயர் என்று உறையிட்டுக் காக்கப்பட்ட பொருள் ஏதுமில்லை. ஒவ்வொரு தலைமுறையும் எந்த நூற்றாண்டைத் திரும்ப அழைப்பது என்று தீர்மானிக்கிறது. பக்தியின் நூற்றாண்டா, கலப்பின் நூற்றாண்டா, எதிர்ப்பின் நூற்றாண்டா என்பதே தேர்வு. இந்த நூற்றாண்டின் அயர்லாந்தில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த ஆண் பெயர் ஜாக். ஐரிஷ் மரபெழுத்து வரிசையில் அதன் முதல் எழுத்தும் இல்லை, கடைசி எழுத்தும் இல்லை. அதே பட்டியலில், அண்மை ஆண்டுகளில் மேலேறி நிற்கும் இன்னொரு பெயர், அந்த ஐந்தெழுத்து டைக். முந்நூறு ஆண்டுகள் தெருவில் வசையாக எறியப்பட்ட சொல்லைப் பெற்றோர் எடுத்துத் துடைத்துத் தொட்டிலில் வைத்திருக்கிறார்கள். அதன் பொருள் மறுபடியும் புலவன்.