தாமே பதிந்து தாமே வெளியிட்ட இசை

கலை தழைப்பதற்குக் கலைஞனின் ஆற்றல் ஒன்றே போதாது. அவ்வாற்றலைப் பயில்வதற்குப் பொழுதும் வேண்டும். அந்தப் பொழுதுக்கு விலை கொடுப்பார் யார் என்ற வினா எக்காலத்தும் இருந்துவந்திருக்கிறது. ஒரு காலத்திலே அரசர் கொடுத்தனர். பின்னர் ஆலயங்களும் செல்வர்களும் கொடுத்தனர். இருபதாம் நூற்றாண்டிலே அப்பொறுப்பின் பெரும்பகுதியை இசைத்தட்டுக் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. அக்கம்பெனிகளைச் சாராது, தம் இசையைத் தாமே எழுதி, தாமே பதிந்து, தாமே வெளியிட முனைந்த குழுக்களின் வரலாறு இந்த வினாவுக்குப் பல விடைகளைத் தருகிறது. அவற்றுள்ளும் புரோகிறெசிவ் மெற்றல் எனப்படும் இசைவகை தனியே நோக்கத்தக்கது. அவ்விசைக்கு வேண்டிய பொழுதோ மிகுதி. அதனை விரும்பிக் கேட்போர் தொகையோ குறைவு.

இவ்விசை இரண்டு ஆறுகள் கலந்த இடத்திலே தோன்றியது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் இங்கிலாந்திலே கிங் கிறிம்சன், யெஸ், ஜெனசிஸ் முதலிய குழுக்கள் ரொக் இசையிலே நீண்ட உருப்படிகளையும் சிக்கலான தாளங்களையும் கையாண்டன. ஏறத்தாழ அதே காலத்திலே பேர்மிங்ஹாம் நகரத்துப் பிளாக் சபத் குழுவினர் கிற்றாரின் ஓசையைக் கனமாக்கி ஹெவி மெற்றல் என்னும் வகைக்கு வித்திட்டனர். கனடா நாட்டு றஷ் என்னும் குழு இரண்டையும் ஒருங்கே பயின்றது. 1980களிலே இவ்விரு மரபுகளும் இணைந்து புதுவகை இசையாயின.

மேலைநாட்டு வெகுசன இசையிலே பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையே தாளத்துக்கு அடிப்படை. புரோகிறெசிவ் மெற்றலிலோ ஐந்து, ஏழு, பதினொன்று என எண்ணிக்கை அடிக்கடி மாறும். சாபு தாளத்தின் ஏழெண்ணிக்கைக்குப் பழகிய செவிக்கு இது புதிதன்று. ஆயினும் ஒரே பாடலிலே ஐந்தும் ஏழும் எட்டும் மாறிமாறி வருமாயின், வாசிப்போர் அனைவரும் அம்மாற்றத்தை ஒரே கணத்திலே செய்தல் வேண்டும். ஒருவர் பிந்தினாலும் கட்டுக்குலைந்துவிடும். ஆகையால் இத்தகைய பாடலை எழுதுவதற்கும் பயில்வதற்கும் மாதக்கணக்கான காலம் செல்லக்கூடும்.

பதிவு செய்யும் முறையும் எளிதன்று. பொதுவாக முதலில் வேகத்தை அளந்து காட்டும் துடியோசை ஒன்று அமைக்கப்படும். அதனைச் செவியிலே வாங்கியபடி முழவுக்காரர் வாசிப்பார். அவருடைய முழவுகளுக்கும் தாளத்தட்டுகளுக்கும் தனித்தனியே ஒலிவாங்கிகள் வைக்கப்படும். பின்னர்க் கிற்றார் ஒரே பகுதியை இரண்டு முறையேனும் வாசித்துப் பதியப்படும். ஒன்று இடப்புறத்தும் மற்றொன்று வலப்புறத்தும் ஒலிக்கும்பொழுதுதான் அந்த இசைக்குரிய கனம் பிறக்கிறது. இரண்டும் மயிரிழையும் பிசகாது ஒத்திருத்தல் வேண்டும். அதன்மேற் கீழ்ச்சுருதிக் கிற்றாரும் குரலும் சேர்க்கப்பட்டு, இறுதியிலே ஒலிக்கலவை செய்யப்படும். கலையகமோ மணிக்கும் நாளுக்கும் வாடகை வாங்கும் இடம். எனவே இசை கடினமாகுந்தோறும் செலவும் உயர்ந்தது.

இச்செலவைக் கம்பெனி முன்பணமாகக் கொடுத்தது. ஆயின் அது நன்கொடையன்று. விற்பனையிலே கலைஞருக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து அம்முன்பணம் முழுவதும் கழிக்கப்பட்ட பின்னரே அவர் கைக்குக் காசு வரும். மூலப்பதிவின் உரிமை பெரும்பாலும் கம்பெனியிடமே தங்கிவிடும். கடனை அடைத்தவர் ஒருவர், பொருளுக்கு உடையவர் இன்னொருவர் என்ற நிலை இதனால் ஏற்பட்டது.

இந்நிலையை மீறிய முயற்சிகளுள் ஒன்று 1982ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலே, சியாட்டில் நகருக்கு அண்மையிலுள்ள பெல்வியூ என்னும் ஊரைச் சார்ந்த இளைஞர் சிலர், அயலூராகிய றெட்மண்டிலிருந்த ஒரு கலையகத்திலே நான்கு பாடல்களைப் பதிந்தனர். கிறிஸ் டிகாமோ, மைக்கல் வில்ற்றன் ஆகிய இருவரும் கிற்றார் வாசித்தனர். எடி ஜக்சன் கீழ்ச்சுருதிக் கிற்றாரும், ஸ்கொற் றொக்கன்பீல்ட் முழவும் வாசித்தனர். பாடிய ஜெஃப் ரெய்ற் அப்பொழுது வேறொரு குழுவைச் சேர்ந்தவர். பதிவுக்கு உதவவே வந்தவர். அந்நாடாவைக் கம்பெனிகள் பலவற்றுக்குக் காட்டினர். எதுவும் ஏற்கவில்லை.

அவர்களை ஏற்றவர்கள் பெல்வியூவிலே இசைத்தட்டுக்கடை நடாத்திய கிம் ஹாரிஸ், டயானா ஹாரிஸ் என்னும் இருவராவர். எத்தகைய இசையை எவர் விரும்பி வாங்குகிறார் என்பதை நாள்தோறும் கண்ணாற் காண்பவர் கடைக்காரர். அவ்விருவரும் குழுவின் முகாமையை ஏற்று, அந்நான்கு பாடல்களையும் இசைத்தட்டாக வெளியிடுவதற்கென்றே ஒரு சிறு நிறுவனத்தை அமைத்தனர். அதற்கு இட்ட பெயர் 206. அது அப்பிரதேசத்துத் தொலைபேசிக் குறியெண். முதற்பாடலின் தலைப்பைத் திரித்துக் குழுவுக்குக் குயின்ஸ்றைக் என்ற பெயர் சூட்டப்பட்டது.

1983ஆம் ஆண்டிலே வெளிவந்த அத்தட்டை இங்கிலாந்திலே கெறாங் என்னும் சஞ்சிகை பெரிதும் பாராட்டியது. அதன் பயனாக ஈ.எம்.ஐ. நிறுவனம் குழுவை ஒப்பந்தஞ் செய்து, அதே ஆண்டில் அத்தட்டை மீண்டும் வெளியிட்டது. பில்போர்ட் பட்டியலிலே அது 81ஆம் இடம்வரை ஏறியது. கம்பெனிகள் வேண்டாவென்று ஒதுக்கிய அதே நான்கு பாடல்கள் இவை. இசை மாறவில்லை, அதனைக் கேட்டோர் இருக்கின்றனர் என்ற சான்று மட்டுமே புதிதாகக் கிடைத்தது.

அக்காலத்திலே தனித்து நிற்றல் என்பது கம்பெனியின் வாயிலைத் தட்டுவதற்கான வழியேயன்றி, கம்பெனியைத் துறக்கும் வழியன்று. அதன்பின் 1988இலே குயின்ஸ்றைக் குழு ஒப்பரேஷன் மைண்ட்கிறைம் என்னும் தொகுதியை வெளியிட்டது. போதைக்கு அடிமையாகிக் கொலைத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட ஒருவனின் கதையைத் தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லும் அத்தொகுதி, இவ்விசைவகையின் முதன்மையான படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதனைத் தாங்கியது கம்பெனியின் பொருளே. ஆகவே கம்பெனிகள் கலைக்குக் கேடே செய்தன என்று கூறுதல் நீதியாகாது.

கம்பெனியின் இடத்தை வேறொருவர் நிரப்பக்கூடும் என்பதை முதலிற் காட்டியோர் அயல்வகை இசையைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் மரிலியன் என்னும் புரோகிறெசிவ் ரொக் குழுவினர் 1997இலே வட அமெரிக்காவுக்குச் செல்லப் பொருளின்றி நின்றனர். அமெரிக்க இரசிகர் இணையத்தின் மூலம் ஏறத்தாழ 60,000 டொலர் திரட்டி அவர்களை அழைத்தனர். இதனைக் கண்ட குழுவினர், 2001ஆம் ஆண்டின் தொகுதிக்காக, இன்னும் எழுதப்படாத இசைக்கு முன்கூட்டியே பணம் தருவீரோ என்று இரசிகரைக் கேட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் பணம் அனுப்பினர். கம்பெனியின் முன்பணத்துக்கு ஈடாகக் கேட்போரின் முன்பணம் வந்து சேர்ந்தது.

இதே காலத்திலே கலையகத்தின் விலையும் சரியத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்திலே, வீடியோ நாடாவிலே எட்டு ஒலித்தடங்களைப் பதியும் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. 1998இலே, பெரிய ஒலிபெருக்கிகளின் ஓசையைப் போலி செய்யும் கையடக்கக் கருவி வந்தது. கிற்றாரை நேரே கணினியுடன் இணைத்து, அயலார் உறக்கம் கெடாமல் நள்ளிரவிலும் பதியலாம் என்ற நிலை உண்டாயிற்று. ஆயினும் முழவு மட்டும் வீட்டுக்குள் அடங்க மறுத்தது. அதற்கு விசாலமான அறையும் பல ஒலிவாங்கிகளும் வேண்டும். ஓசையோ தெருவெங்கும் கேட்கும்.

இத்தடையை நீக்குவதிலே சுவீடன் நாட்டு மெஷுகா குழுவின் முழவுக்காரராகிய தோமஸ் ஹாக்கவுக்குப் பங்குண்டு. அவருடைய முழவுகளின் ஒவ்வோர் அடியும் தனித்தனியே பதியப்பட்டு, கணினியிலே கோத்து ஒலிக்கச் செய்யும் மென்பொருளாக விற்கப்பட்டது. 2005இலே மெஷுகா வெளியிட்ட கச் தேட்டிதிறீ என்னும் தொகுதி, பதின்மூன்று பகுதிகளாகப் பிரிந்து ஏறத்தாழ 47 நிமிடங்கள் ஒலிக்கும் ஒரே உருப்படி. அதில் வரும் முழவொலி கணினியிலே கோக்கப்பட்டதேயன்றி, அமர்ந்து வாசித்ததன்று. உலகெங்குமுள்ள இளைஞர் தம் படுக்கையறையிலிருந்தே முழுக்குழுவின் ஓசையை எழுப்ப இது வழிகாட்டிற்று.

எனினும் கருவி மலிந்ததனால் உழைப்பு மலிந்துவிடவில்லை. 2008இலே மெஷுகா மீண்டும் கையால் வாசிக்கும் முழவுக்குத் திரும்பியபொழுது, பிளீட் என்ற ஒரு பாடலைப் பயில்வதற்கே ஏனைய பாடல்கள் அனைத்துக்கும் சென்ற அளவு காலம் சென்றதென ஹாக்க கூறியிருக்கிறார். கலையகத்தின் வாடகை குறையலாம். கைகளுக்கு வேண்டிய பொழுது குறைவதில்லை.

இனிக் கனடா நாட்டுக்கு வருவோமாயின், ஒன்ராறியோ மாகாணத்து விற்பி என்னும் ஊரிலே 1999இல் பாடசாலைத் தோழர் சிலர் அமைத்த குழுவே புறொட்டெஸ்ற் த ஹீரோ. 2005இலே, துப்பாக்கிப் படையின்முன் நிறுத்தப்படும் ஒரு பெண்ணின் கதையாகிய கேசியா என்னும் தொகுதியால் இவர்கள் பெயர்பெற்றனர். மேலும் இரண்டு தொகுதிகளுக்குப் பின், கம்பெனி எதனையும் நாடாது, 2013 சனவரியிலே இரசிகரிடம் நேரே பணம் கேட்டனர். கேட்ட தொகை 125,000 டொலர். இரண்டு நாள் முற்றுமுன்னரே அது நிறைந்தது. முடிவிலே 341,146 டொலர் சேர்ந்தது.

பணம் வந்ததோடு இடர் தீரவில்லை. தொடக்கந்தொட்டு உடனிருந்த முழவுக்காரர் குழுவைவிட்டு விலகினார். பல்லாயிரவர் பணம் தந்து காத்திருக்க, இவ்விசையின் அச்சாணியே கழன்றது போலாயிற்று. லாம் ஒஃப் கோட் என்னும் புகழ்பெற்ற குழுவின் முழவுக்காரராகிய கிறிஸ் அட்லர் அப்பணியை ஏற்று வாசித்துக் கொடுத்தார். 2013 ஒக்ரோபரிலே வொலிஷன் என்ற பெயருடன் அத்தொகுதி வெளிவந்தது. மறு ஆண்டு கனடாவின் ஜூனோ விருதையும் பெற்றது.

2015 ஒக்ரோபரிலே அக்குழுவினர் வேறொரு முறையை முயன்றனர். சந்தா செலுத்துவோருக்கு மாதம் ஒரு பாடல் வீதம் ஆறு பாடல்கள் அளிப்பதாக ஏற்பாடு. சஞ்சிகை ஆசிரியர் அறிந்த அவசரம் இசைக்கலைஞரையும் பிடித்துக்கொண்டது. ஒரு பாடலை ஒலிக்கலவை செய்து முடிக்குமுன் அடுத்த பாடலின் தவணை வந்து நிற்கும். அப்பாடல்கள் பின்னர் மீண்டும் ஒலிக்கலவை செய்யப்பட்டு, 2016 நவம்பரிலே ஒரே தொகுதியாக வெளியிடப்பட்டன. அதற்கடுத்த நெடுந்தொகுதியோ, பாடகர் றோடி வோக்கரின் குரல் பழுதுற்றமையாற் பதிவு தடைப்பட்டு, 2020 யூனிலேயே வெளிவந்தது. அத்தகைய தாமதத்தைப் பொறுத்தவர்கள் இரசிகர்களே.

மற்றொரு விடையை ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே காணலாம். மிஷா மன்சூர் என்னும் இளைஞர் 2005ஆம் ஆண்டளவிலே தம் வீட்டுக் கணினியிற் பதிந்த மாதிரிப் பதிவுகளை இணையத்திலே இலவசமாக வெளியிட்டுவந்தார். அவற்றாற் கூடிய இரசிகர் கூட்டமே அவர் அமைத்த பெரிஃபெரி என்னும் குழுவுக்கு அடித்தளமாயிற்று. 2010இலே வெளிவந்த முதற்றொகுதியைக் கம்பெனி வெளியிட்டதாயினும், தயாரித்தவர் மன்சூரே. பின்னர்க் குழுவினர் தாமே ஒரு வெளியீட்டு நிறுவனத்தை அமைத்து, 2019 ஏப்ரிலிலே நான்காம் வரிசைத் தொகுதியை அதன்மூலம் வெளியிட்டனர். அத்தொகுதியின் முதற்பாடல் ஏறத்தாழ பதினேழு நிமிடம் ஒலிப்பது. வானொலிக்கு ஏற்றவாறு சுருக்குக என்று கட்டளையிடும் மேலாளர் இல்லாதவிடத்தே இத்தகைய தொடக்கம் இயல்வதாயிற்று.

ஆயின் இச்சுதந்திரத்துக்கும் விலையுண்டு. குழுவின் வருமானம் வாழ்க்கைக்குப் போதாதென்பதை மன்சூர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். முழவு மென்பொருள் விற்பனை, பிறர் இசையைத் தயாரித்தல் முதலிய தொழில்களே குழுவினரைத் தாங்கின. பகலிலே பிழைப்புக்கு உழைத்து, எஞ்சிய பொழுதிலே தம் இசையைப் படைப்பவன் தனக்குத் தானே புரவலனாகிறான்.

1983 முதல் 2020 வரையிலான இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கடனில்லாத சுதந்திரம் எக்குழுவுக்கும் வாய்க்கவில்லை என்பது புலனாகும். குயின்ஸ்றைக் குழு கடைக்காரர் இருவருக்குக் கடன்பட்டது. புறொட்டெஸ்ற் த ஹீரோ பல்லாயிரம் இரசிகருக்குக் கடன்பட்டது. பெரிஃபெரி தன் உறுப்பினரின் பிறதொழில் உழைப்புக்குக் கடன்பட்டது. மாறியது கடன் கொடுத்தவரின் இயல்பே. கம்பெனி கொடுத்த கடன் எத்தனை தட்டு விற்றதென்று கேட்கும். கேட்போர் கொடுத்த கடனோ, பாடல் எப்போது வரும், அது நன்றாயிருக்குமா என்று கேட்கும். ஏழெண்ணிக்கையிலே கைவழுவாது வாசிக்க மாதக்கணக்கிற் பயிலும் கலைஞனுக்கு இரண்டாவது கேள்வி பெருஞ்சுமையாகவே இருக்கும். எனினும் அது அவன் தன்னைத் தானே நாள்தோறும் கேட்டுக்கொள்ளும் கேள்வியுமாகும்.