விமானத்தில் 4 மணி நேரம், ஊரில் 14 இரவு: சிபேப் கருவியுடன் பயணம் செய்வோர் அறிந்திருக்க வேண்டியவை

ஜார்ஜ்டவுன் – பினாங்கு மக்களுக்குத் தமிழகப் பயணம் முன்பைவிட எளிதாகிவிட்டது. 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது. பாயான் லெப்பாஸில் ஏறினால் ஏறத்தாழ 4 மணி நேரத்தில் சென்னையில் இறங்கலாம். கோயில் தரிசனம், உறவினர் திருமணம், தாத்தா பாட்டி பிறந்த ஊரைப் பார்த்து வருதல் எனப் புறப்படும் பெரியவர்களில், இரவில் சிபேப் கருவியைப் பொருத்திக்கொண்டு உறங்குவோரும் இருக்கிறார்கள்.

பெட்டி கட்டும்போது இவர்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. கருவியும் குழாயும் முகமூடியும் பையில் இடத்தை அடைக்கின்றன. விமான நிலையச் சோதனையில் கேள்வி கேட்பார்களோ என்ற அச்சம் ஒரு பக்கம். சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேருடன் படுக்கும்போது முகமூடி போடக் கூச்சம் மறுபக்கம். "இரண்டு வாரம்தானே, திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்" என்று கருவியை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கவனிக்க வேண்டிய தவறு இதுதான். நான்கு மணி நேர விமானப் பயணத்தில் உறங்காமலே இருந்துவிடலாம். இறங்கிய பின் வரும் இரவுகளில் உறங்காமல் இருக்க முடியாது.

நோயும் கருவியும்

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைப்பதால் மூச்சு திரும்பத் திரும்ப நின்று போவதே உறக்க மூச்சுத்தடை நோய். குறைந்தது 10 விநாடி நீடிக்கும் தடைகளும் மூச்சுக் குறைவுகளும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. மணிக்கு 5 முதல் 14 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது என்று பெரியவர்களுக்கு வகைப்படுத்துகிறார்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழித்தல், காலையில் தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். உயர் இரத்த அழுத்தத்தோடும் இதய நோயோடும் இதற்குத் தொடர்பு உண்டு. உலகில் 30 முதல் 69 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இதற்கான சிபேப் முறையை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் கோலின் சல்லிவன் 1980இல் சோதித்து, 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதை மூடாமல் பார்த்துக்கொள்வதே கருவியின் வேலை. போட்டிருக்கும் வரைதான் அது காப்பாற்றும். நிறுத்தினால் சில நாட்களுக்குள் பழைய மூச்சுத்தடை திரும்பிவிடுகிறது. இரண்டு வாரம் கருவி இல்லாமல் உறங்கிவிட்டு, பினாங்கில் இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு நிபோங் திபாலுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ ஓட்டிச் செல்பவருக்கு ஸ்டீயரிங்கின் முன் கண் சொருகினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கையில் எடுத்துச் செல்ல வேண்டும்

முதல் விதி, கருவியைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. பெட்டி தொலைந்தாலோ அடுத்த விமானத்தில் வந்தாலோ அன்றைய இரவு வீணாகிவிடும். பெட்டிகளைத் தூக்கிப் போடும்போது கருவி உடையவும் கூடும்.

ஆனால் எடை வரம்பைக் கவனிக்க வேண்டும். ஏர் ஏசியா, மலேசியா ஏர்லைன்ஸ், இண்டிகோ ஆகியவற்றில் சாதாரண வகுப்பின் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் வரம்பு. மேசையில் வைக்கும் சிபேப் கருவி ஒன்றேகால் கிலோ அளவில் இருக்கும். மின் இணைப்புப் பெட்டி, குழாய், முகமூடி எல்லாம் சேர்ந்தால் எடை கூடும். அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் விமானங்களில் இத்தகைய உதவிக் கருவியைக் கைப்பைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. பினாங்கு–சென்னை போன்ற வழித்தடங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே டிக்கெட் எடுத்தவுடனே விமான நிறுவனத்துக்கு எழுதி, மருத்துவக் கருவிக்குத் தனி அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். அவர்கள் அனுப்பும் பதிலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கவுன்டரில் நின்று வாதாடுவதைவிட ஒரு தாளை நீட்டுவது எளிது.

மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ள வேண்டும். நோயின் பெயர், கருவியின் பெயர், அழுத்த அளவு, தினமும் இரவில் பயன்படுத்த வேண்டியது என்ற குறிப்பு ஆகியவை அதில் ஆங்கிலத்தில் இருக்கட்டும். சோதனை அதிகாரிக்குக் காட்ட அது உதவும். வெளியூரில் கருவி பழுதானால் அங்குள்ள மருத்துவருக்கும் அதே கடிதம் வழிகாட்டும். கடிதத்தைக் கைத்தொலைபேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியைப் போலக் கருவியையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லலாம். எக்ஸ்ரே கதிரால் கருவிக்குக் கேடில்லை. தட்டில் வைக்கும் முன் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டால் தூசி படாது. நீர்த்தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருக்கக்கூடாது. கருவி சாயும்போது தண்ணீர் உள்ளே புகுந்தால் மோட்டார் பழுதாகிவிடும். அனைத்துலகப் பயணத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொண்ட புட்டியைக் கைப்பையில் எடுத்துச் செல்லவும் முடியாது.

பேட்டரிக் கணக்கு

கருவிக்கென்று தனி லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஒரு சிறு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரியில் குறித்துள்ள வோல்ட் எண்ணை ஆம்பியர்-மணி எண்ணால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 24 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 96 வாட்-மணி. சாதாரண பவர் பேங்க்கில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 வாட்-மணி என்று கொள்ளலாம்.

100 வாட்-மணி வரையுள்ள பேட்டரிக்குப் பொதுவாக முன் அனுமதி வேண்டாம். 100க்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. உதிரியாக இரண்டுக்கு மேல் கொண்டு செல்ல முடியாது. 160ஐத் தாண்டிய உதிரி பேட்டரியைப் பயணி எடுத்துச் செல்ல முடியாது. எந்த அளவாக இருந்தாலும் உதிரி பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல. அதன் மின்முனைகள் வேறு உலோகத்தில் படாதபடி உறையில் இட வேண்டும்.

2025 ஜனவரி 28ஆம் தேதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தீக்கிரையானது. ஒரு பவர் பேங்க்கிலிருந்து தீ பரவியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினர். அதன் பிறகு ஆசிய விமான நிறுவனங்கள் பல, பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்தத் தடை விதித்தன. ஆகவே பேட்டரி தொடர்பான விதியைப் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

விமானத்தில் போட்டுக்கொள்ள வேண்டுமா?

சென்னைப் பயணத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கண் மூடாமல் இருந்தாலே போதும். லண்டன் போன்ற இரவு நேர நீண்ட பயணங்களில் நிலைமை வேறு. அப்போது விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அமெரிக்க விதிப்படி 48 மணி நேர முன்னறிவிப்பு கேட்கப்படலாம். 'மெடிஃப்' எனப்படும் மருத்துவத் தகவல் படிவத்தை நிரப்பச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. விமானத்தில் பயன்படுத்தத் தகுந்தது என்பதற்கான முத்திரையோ சான்றோ கருவிக்கு இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இருக்கையிலுள்ள மின் இணைப்பை நம்பக்கூடாது, பேட்டரி தேவைப்படும். மது அருந்துவதும், மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடுவதும் மூச்சுத்தடையை மோசமாக்கும்.

பிளக், மின்தடை, தண்ணீர்

மலேசியாவிலும் இந்தியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மின்மாற்றி வேண்டியதில்லை. கருவியின் மின் இணைப்புப் பெட்டியில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளக்தான் வேறு. நம் வீட்டுப் பிளக்கின் முனைகள் தட்டையானவை, அங்கே உருண்டை முனைகள். அதற்கான மாற்றுப் பிளக்கை இங்கேயே வாங்கி, வீட்டில் செருகிப் பார்த்து, லூசாக ஆடாததை எடுத்துச் செல்ல வேண்டும். மூன்று, நான்கு மீட்டர் நீளமுள்ள எக்ஸ்டென்ஷன் வயரும் கட்டாயம் தேவை. பழைய வீடுகளில் பிளக் இருக்கும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

கிராமத்தில் இரவில் மின்சாரம் போனால், வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓட்டும்போது ஈரப்பதச் சூட்டையும் குழாய்ச் சூட்டையும் அணைத்துவிட வேண்டும். மின்சாரத்தில் பெரும்பகுதியை உறிஞ்சுபவை அவைதான்.

சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இரவு ரயிலில் செல்ல நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். ரயில் பெட்டிகளில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் செய்யும் இணைப்புகளை அணைத்து வைக்கும் நடைமுறை உண்டு. பேட்டரி இல்லாதவர்களுக்குப் பகல் ரயிலே பாதுகாப்பு.

நீர்த்தொட்டிக்குக் காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டரைப் போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காத ஓரிரு நாட்களில் கொதிக்க வைத்து ஆறிய நீரைப் பயன்படுத்தி, காலையில் தொட்டியைக் கழுவிக் காய வைக்கலாம். குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றக்கூடாது. பல கருவிகள் தண்ணீர் இல்லாமலும் ஓடும்; வாயும் மூக்கும் சற்று வறளும், அவ்வளவுதான். தூசி அதிகமுள்ள இடங்களில் வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதால் உதிரியாக இரண்டை எடுத்துச் செல்வது நல்லது.

தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் கருவியைத் தலைமாட்டில் உயரமாக வைக்கக்கூடாது. தொட்டித் தண்ணீர் குழாய் வழியே முகமூடிக்கு இறங்கிவிடும். சமதளத்தில், போர்வை மூடாத இடத்தில் வைத்துத் தண்ணீரைக் குறைவாக ஊற்ற வேண்டும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரிலும் இருக்கின்றன. இப்போதைய கருவிகளில் பெரும்பாலானவை உயரத்துக்கேற்பத் தாமே சரிசெய்துகொள்ளும். பழைய கருவி வைத்திருப்பவர்கள் விற்றவரிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

இரவல் கருவி வேண்டாம்

எடையைக் குறைக்க, சுமார் 300 கிராமே உள்ள பயணக் கருவிகளும் சந்தையில் உள்ளன. ஆனால் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிச் செல்வது சரியல்ல. அழுத்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். மேலும் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரைப்பொருள் சிதைந்து மூச்சில் கலக்கலாம் என்பதால் முதல் தலைமுறை 'டிரீம்ஸ்டேஷன்' உள்ளிட்ட கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. யாரோ பயன்படுத்திய பழைய கருவியை வாங்கும்போது இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கருவி வழியில் பழுதாகிவிட்டால், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு ஓரளவு உதவும். அது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. அப்படிப்பட்ட நாட்களில் வாகனம் ஓட்டாமல், கூடிய விரைவில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

புறப்படும் முன் கைப்பையில் இருக்க வேண்டியவை: கருவி, மின் இணைப்புப் பெட்டி, குழாய், முகமூடி, உதிரி வடிகட்டி, மாற்றுப் பிளக், எக்ஸ்டென்ஷன் வயர், மருத்துவர் கடிதம், விமான நிறுவனத்தின் பதில்.

கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்குக்கண்ணாடி போடுபவரை யாரும் கேலி செய்வதில்லை. இன்சுலின் போடுபவரிடம் வீட்டார் பரிவாகவே இருக்கிறார்கள். சிபேப் முகமூடியும் அவற்றைப் போன்றதே. போய்ச் சேர்ந்த முதல் நாள் மாலையிலேயே வீட்டுப் பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் இது எதற்கு என்று சொல்லிவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். அதைக் கேட்கும் உறவினர்களில் யாராவது, "எங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித்தான் குறட்டை விட்டுத் திணறுகிறார்" என்று சொல்லவும் கூடும். அவருக்கும் மருத்துவரைப் பார்க்க அதுவே தூண்டுதலாக அமையலாம்.