நீடித்துச் செயற்படும் இன்சுலின்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் மன்னரும் போரும் உடன்படிக்கைகளுமே நம் நினைவில் எழுகின்றன. கண்டியின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் மக்களின் வாழ்நாளை நீட்டிய மருந்துகளுக்கும் வரலாறு உண்டு. அதனை அறியாமை சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கும் என்பதற்கு நீடித்துச் செயற்படும் இன்சுலின் தக்க சான்றாகும்.

1921ஆம் ஆண்டில் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் விலங்கின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். கொலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரியில் அது முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு ஏற்றப்பட்டது. மரணத்தை எதிர்நோக்கியிருந்த சிறுவர்கள் பிழைத்தனர். எனினும் அம்மருந்தின் ஆற்றல் சில மணிநேரமே நிலைத்தமையால் நாளொன்றுக்குப் பலமுறை ஊசி ஏற்ற வேண்டியிருந்தது.

இவ்விடரைத் தீர்க்க முனைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹாகடோர்ன் ஆவார். மீனின் விந்திலிருந்து பெறப்பட்ட புரோற்றமீன் என்னும் புரதத்தை இன்சுலினுடன் சேர்த்தால் அது தோலின் கீழ் மெல்லக் கரையும் என்பதை 1936இல் அவர் காட்டினார். அவரது ஆய்வுகூடத்திலேயே 1946இல் ஐசோபேன் இன்சுலின் உருவாயிற்று. ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் புதியதோர் அபாயமும் உடன் வந்தது. ஏற்றிய மருந்தைத் திரும்பப் பெற இயலாது. ஐசோபேன் ஏற்றிச் சுமார் 4 முதல் 10 மணிநேரத்தில் உச்சம் அடையும். ஆகவே இரவில் ஏற்றியது நள்ளிரவிற்குப் பின் குருதிச் சர்க்கரையை மிகத் தாழ்த்தக்கூடும். வியர்வையையும் நடுக்கத்தையும் உறங்குபவர் உணராதிருக்கலாம்.

2000ஆம் ஆண்டளவில் பயன்பாட்டிற்கு வந்த கிளார்ஜின் இந்த உச்சத்தைப் பெரிதும் தணித்து, ஏறக்குறைய 24 மணிநேரம் செயற்பட்டது. ஆயின் பழைய விதிகள் இங்கு தலைகீழாயின. ஐசோபேன் கலங்கலானது, மெல்ல உருட்டிக் கலக்கிய பின்னரே எடுக்க வேண்டும். கிளார்ஜினோ தெளிந்தது, கலங்கியிருந்தால் எறிந்துவிட வேண்டும். ஐசோபேனைக் கரையும் இன்சுலினுடன் ஒரே ஊசியிற் கலக்கலாம். அமிலத்தன்மையுள்ள கிளார்ஜினை எதனுடனும் கலத்தலாகாது. செறிவும் அவ்வாறே கவனத்திற்குரியது. மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்ட மருந்தை 40 அலகுக்குரிய ஊசியால் அளந்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலிற் சேரும்.

இவ்வேறுபாடுகள் நம் சூழலில் ஏன் முக்கியமானவை? பேராதனை மருத்துவ பீடத்திற் பணியாற்றிய பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக, மருந்து எளியோர்க்கும் எட்ட வழிவகுத்தார். ஆனால் 2022 மார்ச்சு மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினாற் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒருவகை இன்சுலினுக்குப் பதிலாக வேறொருவகை கைக்கு வரலாம். இரண்டிற்கும் இன்சுலின் என்பதே பெயர், விதிகளோ வேறு. மருத்துவரின் அறிவுரையின்றி வகையையோ அளவையோ மாற்றுவது ஆபத்தாகும். தவறிய வேளைக்காக மறுவேளை இரட்டிப்பாக ஏற்றுவதும் அத்தகையதே.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிற் குளிர்சாதனப் பெட்டியில்லாத இல்லங்கள் உள. பயன்பாட்டிலுள்ள குப்பியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம்; ஈரமணல் இட்ட மட்பானையும் உதவும். உறைந்த மருந்து பயன்படாது. இவை எளிய செய்திகளே. எனினும் குப்பியின் மேலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் மட்டும் கற்ற தாய்க்கு அவை எட்டுவதில்லை.

ஹாகடோர்ன் மருந்தின் வேகத்தைக் குறைத்தார். பிபிலே அதன் விலையைக் குறைக்க முயன்றார். எஞ்சியிருப்பது மொழியின் இடைவெளி. அதனைக் குறைக்கும் பணி மருத்துவ மாணவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் கற்கும் நமக்கும் உரியதாகும்.