முடியும்போது முடியும்

சென்ற ஆண்டு (2025) செப்டம்பர் 4ஆம் தேதி, வியாழக்கிழமை. சாயங்காலம் ஏழே கால் மணிக்கே பேரன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் அப்பா, அதாவது என் மகன். ஏழரைக்கு ஏதோ ஒரு விளையாட்டு வெளியாகிறதாம். ஏழரை ஆயிற்று. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடையின் கதவு திறக்கவில்லை. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஆட்கள் நெருக்கியடித்ததில் ஸ்டீம், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் என்று ஆன்லைன் கடைகள் எல்லாம் திணறிக்கொண்டிருந்தன.

"ஏழு வருஷமா வெயிட் பண்றோம் தாத்தா!" என்றான் பேரன்.

"உனக்கே பன்னிரண்டு வயசுதானேடா?"

"அது ஃபேன்ஸ் எல்லாரும் சேர்ந்து வெயிட் பண்ணது."

மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு ஒரு பழைய கதை உண்டு.

1997. மகன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிது. படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்க வைத்தான். அதில் அவன் படித்தது 'டியூக் நியூகெம் 3டி' என்ற துப்பாக்கி விளையாட்டு. 1996 தொடக்கத்தில் வெளியாகி உலகம் முழுக்கச் சக்கைப்போடு போட்டது. நண்பன் ஒருவன் கொடுத்த சிடியில் வந்தது. (அதில் வரும் சில காட்சிகளை நான் அப்போதே பார்த்திருந்தால் கம்ப்யூட்டரையே விற்றிருப்பேன். பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும்.) பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் அடுத்த பாகத்தின் படம் வந்திருந்தது. பெயர் 'டியூக் நியூகெம் ஃபாரெவர்'. அதை வெட்டி எடுத்து மர அலமாரியின் கதவில் ஒட்டினான். "அடுத்த வருஷம் வந்துடும்பா" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸ் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில் இருந்த 3டி ரெல்ம்ஸ் நிறுவனம் 1997 ஏப்ரலில் அதை அறிவித்தது. 1998க்குள் வந்துவிடும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு.

இந்த விளையாட்டுகளுக்கு 'எஞ்சின்' என்று ஒன்று உண்டு. வெளிச்சம் எப்படி விழ வேண்டும், சுவர் எப்படித் தெரிய வேண்டும், எறிந்த பொருள் எங்கே போய் விழ வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருள். நம் பாஷையில் அஸ்திவாரம். முதலில் 'குவேக் 2' என்ற எஞ்சினை விலைக்கு வாங்கினார்கள். அதில் ஒரு வருஷம் போல வேலை செய்து, 1998 மே மாதம் கண்காட்சியில் ஒரு முன்னோட்டமும் காட்டினார்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த மாதமே அறிவிப்பு: அஸ்திவாரத்தை மாற்றுகிறோம், இனி 'அன்ரியல்' எஞ்சின். மாற்றச் சில வாரங்கள்தான் ஆகும் என்றார்கள். கட்டுமானத்தில் வேலை பார்த்தவன் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சிரித்திருப்பான்.

பணம் இல்லாமல் தாமதமாவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே கதை தலைகீழ். முந்தைய விளையாட்டு கொட்டிக் கொடுத்த பணம் கையில் இருந்ததால், யாரிடமும் கையேந்தாமல் சொந்தக் காசில் செய்தார்கள். அதனால் 'போதும், இத்தோடு நிறுத்து' என்று சொல்ல ஆளில்லை. திட்டத்தை நடத்திய ஜார்ஜ் புரூஸார்டுக்கு, சந்தையில் புதிதாக எந்த விளையாட்டு எதைக் காட்டினாலும் அது தன் விளையாட்டிலும் இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மறுபடி இடித்துக் கட்ட வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால் ஒரே பதில்தான்: முடியும்போது வரும்.

2001ல் இன்னொரு முன்னோட்டம். அதற்குப் பிறகு ஆறு வருஷம் போலச் சத்தமே இல்லை.

காத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள், கடைசியில் கேலியில் இறங்கினார்கள். பெயரிலேயே 'என்றென்றும்' என்று இருக்கிறதே, அது ஒன்று போதாதா! இந்த விளையாட்டு அறிவிக்கப்பட்ட பிறகு உலகத்தில் என்னென்ன நடந்து முடிந்துவிட்டது என்று பட்டியல் போட்டார்கள், வருஷா வருஷம் நீட்டினார்கள். 'வயர்ட்' பத்திரிகை ஆண்டுதோறும் 'வேப்பர்வேர்' பட்டியல் வெளியிடும். சொன்னார்கள், வரவில்லை, ஆவியாகிவிட்டது என்கிற பொருட்களின் பட்டியல். 2001, 2002 இரண்டு வருஷமும் இதற்கே முதலிடம். 2003ல் அலுத்துப்போய் வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்து அனுப்பி வைத்தார்கள். வாசகர்கள் விடவில்லை, பின்னால் மறுபடி பட்டியலுக்கு இழுத்து வந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அது கேலிப் பேச்சாகிவிட்டது. கொல்லைக் குழாய் எப்போது சரியாகும் என்று மனைவி கேட்டால், "டியூக் வந்ததும் ஆகிடும்" என்பான் மகன். அலமாரிப் படம் நிறம் மங்கியது. அவன் கல்லூரி முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனான். படம் அங்கேயே இருந்தது.

இந்தக் கேலியில் நான் மட்டும் முழு மனதோடு சேர்ந்துகொள்ளவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தேதி எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் பாலம் கட்டுகிற வேலையில் இருந்தவன். 1981ல் உதவிப் பொறியாளராக ஒரு காட்டாற்றங்கரையில் இருந்தேன். கிணறு இறக்கி அதன் மேல் தூண் எழுப்புகிற முறை. இரண்டாவது கிணறு களிமண்ணில் மாட்டிச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த கிணற்றை நிமிர்த்துவது லேசான காரியம் இல்லை. உயர்ந்து நிற்கும் பக்கத்தில் பளு ஏற்றி, அந்தப் பக்கமே மண்ணை அதிகம் எடுத்து, அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். எத்தனை மாதம் ஆகும் என்று உண்மையில் யாருக்கும் தெரியாது. ஆனால் மேலே இருப்பவர் கேட்டால் ஒரு தேதி சொல்லியாக வேண்டும். நாம் சொல்லும் தேதி அவருக்குப் பிடிக்காது. அவருக்குப் பிடிக்கிற தேதி அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொல்லிவிட்டு வருவோம்.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தினமும் சைட்டுக்கு வருவார். ஆறாம் வகுப்புக்கு அக்கரைக்குத்தான் போக வேண்டும். அவர் பேத்தி ஐந்து முடிக்கப் போகிறாள். "ஜூனுக்குள்ள முடிஞ்சுருமாய்யா?" என்று கேட்டார். சாய்ந்த கிணறு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. "முடிஞ்சிடும் பெரியவரே" என்றேன். மேலே சொன்ன அதே தேதியைத்தான் அவரிடமும் சொன்னேன். வேறு எதைச் சொல்வது?

முடியவில்லை. அடுத்த ஜூனிலும் முடியவில்லை. பாலம் திறந்தது 1985ல். அதற்குள் அந்தப் பெண் ஆடு மேய்க்கப் போய்விட்டாள். பெரியவர் கோபப்படவே இல்லை. திறப்பு விழா அன்று ஓரமாக நின்றுகொண்டிருந்தவர், "முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா எங்கக்கா வீட்ல விட்டுப் படிக்க வச்சிருப்பேன்யா" என்று மட்டும் சொன்னார்.

விளையாட்டும் பள்ளிக்கூடமும் ஒன்றல்ல என்பது தெரியும். இருந்தாலும் யாராவது தேதி சொல்லித் தவறினார்கள் என்று படித்தால் எனக்குச் சாய்ந்த கிணறுதான் ஞாபகம் வரும்.

டியூக் கதைக்கு வருகிறேன். 2009 மே மாதம் கையில் இருந்த பணம் தீர்ந்து, விளையாட்டைச் செய்துகொண்டிருந்த குழுவையே வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியீட்டு உரிமை வைத்திருந்த டேக்-டூ நிறுவனம் வழக்குப் போட்டது. அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, அதே டெக்சாஸைச் சேர்ந்த கியர்பாக்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் மிச்சத்தை எடுத்துக்கொண்டு 2010 செப்டம்பரில் ஒரு கண்காட்சியில் விளையாடவே விட்டது. 2011 மே 3 என்று தேதி வைத்து, அதையும் ஒரு மாதம் தள்ளினார்கள். கடைசியில் ஜூன் 10 வந்தது. அமெரிக்காவுக்கு இன்னும் நாலு நாள் கழித்து. மொத்தம் 14 ஆண்டு 44 நாள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. (அந்தச் சாதனையும் நிற்கவில்லை. யுபிசாஃப்ட் 2008ல் அறிவித்த 'பியாண்ட் குட் அண்ட் ஈவில் 2' 2022ல் அதைத் தாண்டிவிட்டது.)

மகனுக்கு அப்போது 28 வயது. வாங்கினான். இரண்டு நாள் கழித்து போன் செய்தான்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா இல்லப்பா. பழைய வீட்டை இடிச்சு இடிச்சுக் கட்டின மாதிரி இருக்கு. ஒரு ரூம் 1999, ஒரு ரூம் 2005."

விமர்சகர்கள் எழுதியதும் ஏறக்குறைய அதுதான். அவன் முழுவதும் விளையாடி முடிக்கவில்லை. அலமாரிப் படத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றான்.

அவசரப்பட்டாலும் ஆபத்துதான். 1982ல் அடாரி நிறுவனம் 'ஈ.டி.' படத்தை வைத்து ஒரு விளையாட்டை கிறிஸ்துமஸுக்குள் கொண்டுவர நினைத்தது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம் போல. நாள் தவறாமல் முடித்தார். விற்காத பெட்டிகளை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014ல் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள், இருந்தன.

எங்கள் காலத்துக் கேலி பிற்பாடு வேறு மாதிரி ஆகிவிட்டது. 2016ல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டை ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளினார்கள். ஒரு மாதத்துச் சொச்சம்தான். அதை உருவாக்கிய ஷான் மர்ரேவுக்குக் கொலை மிரட்டல் வந்தது. தள்ளிப்போகிறது என்று முதலில் எழுதிய பத்திரிகையாளருக்கும் வந்தது.

2020ல் நடந்தது அதைவிட மோசம். போலந்துத் தலைநகர் வார்சாவில் இருக்கும் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077'. 2012ல் அறிவித்தது. 2020 ஏப்ரல் 16 என்றார்கள். பிறகு செப்டம்பர் 17. பிறகு நவம்பர் 19. அக்டோபர் தொடக்கத்தில் 'கோல்டு' ஆகிவிட்டது என்று அறிவிப்பு. புத்தகத்துக்கு அச்சுக்குப் போய்விட்டது என்று சொல்வது போல. அந்த மாதம் 26ஆம் தேதி ஒருவர், வேலைக்கு லீவு போட வேண்டும், தேதி உறுதிதானா என்று ட்விட்டரில் கேட்டிருக்கிறார். உறுதி என்று நிறுவனத்தின் கணக்கிலிருந்தே பதில். மறுநாள் அறிவித்தார்கள்: டிசம்பர் 10.

அந்த லீவுக்காரரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் போட்டவருக்கும் மறுநாள் சேதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். கீழே இருப்பவர்களுக்கு எப்போதும் கடைசியில்தான் தெரியும்.

தள்ளிப்போட்டதற்காக அங்கே வேலை செய்தவர்களுக்கும் கொலை மிரட்டல் வந்தது. பயமாக இருக்கிறது, நாங்களும் மனிதர்கள்தான் என்று அவர்களில் ஒருவர் வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. டிசம்பர் 10 விளையாட்டு வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4ல் ஓடவே தடுமாறியது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. மறுபடி கடைக்கு வந்தது 2021 ஜூனில். முழுசாக ஒழுங்கானது 2023ல் என்கிறார்கள். ஏன் தள்ளுகிறாய் என்று அக்டோபரில் கத்திய அதே கூட்டம், ஏன் இன்னும் தள்ளவில்லை என்று டிசம்பரில் கத்தியது.

பேரன் காத்திருந்ததன் பெயர் 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற சின்ன நிறுவனம். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 2014ல் மக்களிடம் நிதி திரட்டி 'ஹாலோ நைட்' செய்தபோது, கூடுதலாக ஒரு பாத்திரத்தையும் விளையாடத் தருவோம் என்று சொன்னது வளர்ந்து தனி விளையாட்டாகி 2019 பிப்ரவரியில் அறிவிப்பாயிற்று. அப்புறம் பெரும்பாலும் மௌனம்தான். இந்தக் கூட்டம் அவ்வளவாக மிரட்டவில்லை. ஒவ்வொரு கண்காட்சிக்கு முன்பும் இந்தத் தடவை சேதி வரும் என்று நம்பி ஏமாந்து, தங்களையே கோமாளி வேஷத்தில் படம் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தினமும் ஒரு வீடியோ போட்டு, இன்றும் செய்தி இல்லை என்று செய்தி சொன்னார். செய்தவர்களோ, நாங்கள் சந்தோஷமாகத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று பின்னால் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 21ல் திடீரென்று தேதி வந்தது, இரண்டே வாரத்தில் வெளியீடு. உடனே, அதே நாட்களில் தங்கள் விளையாட்டுகளை வெளியிட இருந்த சின்ன நிறுவனங்கள் சில, இந்த வெள்ளத்தில் மூழ்கிவிடுவோம் என்று பயந்து தங்கள் தேதிகளைத் தள்ளிவைத்தன!

அன்று இரவு எங்கள் வீட்டில் ஒன்பது மணி வாக்கில் கதவு திறந்தது. "வந்துருச்சு!" என்று அப்பனும் பிள்ளையும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பின்னால் நின்றேன். சிவப்பு அங்கி போட்ட ஒரு பூச்சி ஊசியை வைத்துச் சண்டை போட்டது. அழகாகத்தான் இருந்தது. பேரன் மூன்று நிமிஷத்தில் தோற்றான். மறுபடி தோற்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மருமகள் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். தோசை ஆறுகிறது என்றாள்.

"அஞ்சு நிமிஷம்மா" என்றான் பேரன்.

"அஞ்சே நிமிஷம்" என்றான் மகனும்.

நான் மட்டும் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர்கள் எழுந்து வரும்போது மணி பத்தே முக்கால்.