கம்யூட் (ஆங்கில வினைச்சொல்)

கம்யூட் என்பது வீட்டிற்கும் பணியிடத்திற்கும் இடையே நாள்தோறும் சென்று திரும்புவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஆகும். இவ்வாறு பயணம் செய்பவர் கம்யூட்டர் எனப்படுகிறார். கணினியைக் குறிக்கும் கம்ப்யூட்டர் வேறு சொல், வேரும் வேறு.

சொற்பிறப்பு

இது 'முழுதும் மாற்றுதல்' எனப் பொருள்படும் 'கொம்முத்தாரே' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 15-ஆம் நூற்றாண்டில் 'ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல்' என்ற பொருளில் வழங்கியது. 17-ஆம் நூற்றாண்டில் கடுமையான தண்டனையை இலேசான தண்டனையாக மாற்றுவதையும் குறித்தது. பின்னர், பலமுறை செலுத்த வேண்டிய சிறு தொகைகளை ஒரே தொகையாக மாற்றிச் செலுத்துவதும் இச்சொல்லால் சுட்டப்பட்டது. இவற்றுள் எதிலும் பயணம் இல்லை.

பயணப் பொருள்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள், மொத்தமாகப் பணம் செலுத்துவோருக்குக் குறைந்த கட்டணத்தில் 'கம்யூட்டேஷன் டிக்கெட்' வழங்கின. அதை வைத்திருந்தவர் கம்யூட்டர் ஆனார். அவர் செய்த பயணம் கம்யூட் ஆயிற்று. கட்டணத்தின் பெயர் பயணத்தின் பெயராக மாறியது இவ்வாறே. பிரிட்டனில் இத்தகைய சீட்டு 'சீசன் டிக்கெட்' எனப்பட்டது. இந்திய ரயில்வேயிலும் அப்பெயரே நிலைத்தது.

தமிழ்நாட்டில் பயன்பாடு

பழைய பொருள்கள் இங்கு இன்றும் வழக்கில் உள்ளன. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக முன்கூட்டியே பெறுவதை அரசு ஊழியர்கள் 'கம்யூட்டேஷன்' என்கின்றனர். அரசியலமைப்பின் 72, 161-ஆம் பிரிவுகளில் தண்டனையை மாற்றும் அதிகாரத்தைக் குறிப்பதும் இச்சொல்லே.

பயணப் பொருளுக்குச் சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள நசரத்பேட்டை எடுத்துக்காட்டாகும். பூந்தமல்லிக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம் இது. அம்பத்தூர், ஆவடி போல இங்கு ரயில் நிலையம் இல்லை. எனவே கிழக்கே நகருக்குள்ளும், மேற்கே திருமழிசை, திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்வோர் சாலையையே நம்பியுள்ளனர். இங்கு சீசன் டிக்கெட்டின் இடத்தில் இருப்பது மாதாந்திர பஸ் பாஸ். ஒவ்வொரு நாளும் சீட்டு வாங்குவதற்குப் பதிலாக ஒரே தொகை செலுத்தும் அந்தப் பழைய ஏற்பாடே இதிலும் தொடர்கிறது.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அவர்களுடைய அன்றாடப் பயணத்தில் கட்டண மாற்று என்ற பேச்சே இல்லை. ஆயினும் ஆங்கிலத்தில் அதன் பெயர் கம்யூட் தான். சொல் பிறக்கக் காரணமான சீட்டு மறைந்த பின்பும் சொல் நிலைத்திருப்பதற்கு இது சான்று.