ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தேயின் கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உணவைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் வரலாற்று ஆசிரியர் அல்ல. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, கையில் மைக்கோடு ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஆள். ஆனால், சாப்பாட்டைத் தேடிப் போன இடத்தில் சரித்திரம் வந்து என் கையைப் பிடித்தது. அதை உதறிவிட்டு வந்தவன் என்ற குற்ற உணர்ச்சியோடுதான் இங்கே நிற்கிறேன்.

நடந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஈப்போ, புந்தோங்கில் பலகாரம் செய்யும் ஓர் இடத்தில் எங்களுக்குப் படப்பிடிப்பு. எண்ணெய்ச் சட்டியின் முன்னே நின்ற ஒரு பாட்டியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "பாட்டி, இந்த ருசிக்கு என்ன ரகசியம்?"

பாட்டி அதற்குப் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த கரண்டியால் மலைப் பக்கம் காட்டி, "முன்ன நாங்க அங்கதான் இருந்தோம் தம்பி. கல்லு விழுந்த பிறகுதான் இங்க வந்தோம்" என்றார்.

எனக்கு அவசரம். மாவில் ஓமம் எவ்வளவு சேர்ப்பீர்கள் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நிலையத்துக்குத் திரும்பிய பிறகு அந்த ஒரு வரியையும் வெட்டச் சொன்னவன் நான்தான். சாப்பாட்டு நிகழ்ச்சியில் சோகம் எதற்கு என்று நினைத்தேன். அந்த வரிக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மலையும் தண்ணீரும்

ஈப்போவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் நம்மவர்கள் கையில் என்ன இருக்கும்? ஒயிட் காப்பி ஒரு பாக்கெட், தம்பூன் பம்ளிமாஸ் இரண்டு, குனோங் ராப்பாட்டில் சுட்ட ஹியோங் பெங் பிஸ்கட் ஒரு பெட்டி, அப்புறம் ஒரு பை நிறைய கச்சாங் பூத்தே.

முதலில் சொன்னவற்றின் கதை நமக்குப் பழக்கமானது. ஈப்போ ஈயத்தால் வளர்ந்த நகரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களைத் தேடிச் சீனர்கள் பெருந்திரளாக வந்தார்கள். ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த ரயில் நிலையம் 1917இல் எழுந்தது. பழைய நகரில் ஹைனான் சீனர்கள் காப்பிக் கடை வைத்தார்கள். கறுப்புக் காப்பிக் கொட்டையைச் சீனியும் கோதுமையும் சேர்த்து வறுப்பது வழக்கம். அவற்றை விட்டுவிட்டு மார்ஜரின் மட்டும் போட்டு வறுத்ததால் நிறம் வெளுத்தது. ஒயிட் காப்பி என்ற பெயர் வந்தது.

நகரைச் சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள். தம்பூன் பம்ளிமாஸ் அந்த மலைகளின் அடிவாரத்தில் விளைவது. ஈப்போ தவுகே குட்டையாய், குண்டாய், கடித்தால் நறுக்கென்று இருப்பதற்கு மலைத் தண்ணீரே காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பச்சைப் பயறு முளைக்கும் அந்தத் தவுகேக்குப் பெயர் போன இடமும் புந்தோங்தான்.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் மூடின, இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். ஒரு காலத்தில் ஈயத்துக்காக ஈப்போவுக்கு வந்தார்கள். இன்று சாப்பாட்டுக்காக வருகிறார்கள். 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரே நாளில் போய்த் திரும்புவது இன்னும் சுலபமாகிவிட்டது.

சரி, கச்சாங் பூத்தேயின் கதை என்ன? அது நம் கதை. அதைச் சொல்லத்தான் நமக்கு வாய் வரவில்லை.

கரிசல் மண்ணின் பிள்ளைகள்

கச்சாங் பூத்தே என்றால் மலாய் மொழியில் வெள்ளைக் கடலை. பெயர் மலாய், கைப்பக்குவம் தமிழ். கொண்டைக்கடலை, நிலக்கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, பகோடா எல்லாம் இன்று அந்தப் பெயருக்குள் அடக்கம்.

இதை ஈப்போவில் தொழிலாகச் செய்தவர்கள் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள். பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம்தான். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அவர்கள் கப்பல் ஏறிய காலத்தில் அது திருநெல்வேலி மாவட்டம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கங்காணிகள் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது பெரும்பாலும் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களில். எட்டயபுரத்துக் குடும்பங்களோ பலகார வியாபாரத்தை நம்பிப் பிழைத்தவர்கள். அந்த வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. நெல்லைவிடப் பருத்தி, கம்பு, சோளம், பயறு வகைகளுக்கு ஏற்ற மண். பக்கத்துக் கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாயும் சாத்தூருக்குச் சேவும் பெயர் வாங்கித் தந்தன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது. கடலையையும் மாவையும் காசாக்கத் தெரிந்த ஊர்ப்பக்கம் அது. அந்தக் கைத்தொழில் கடல் கடந்து கிந்தா பள்ளத்தாக்கில் வந்து இறங்கியது.

வேட்டி கட்டிய மனிதர், தலையில் சும்மாடு, அதன் மேல் அறை அறையாகப் பிரித்த தட்டு. சினிமாக் கொட்டகை வாசலில், பள்ளிக்கூட வாசலில், கோயில் திருவிழாவில் அவர் நிற்பார். பழைய நாளிதழையோ பள்ளி நோட்டுத் தாளையோ கூம்பாகச் சுருட்டி அளந்து போடுவார். இந்த அரங்கில் இருக்கும் ஐம்பது வயதுக்காரர்களுக்கு அந்தக் காகித வாசனை இப்போதும் நினைவிருக்கும். தட்டைச் சுமந்தவர் ஆண். ஆனால் விடியுமுன்னே எழுந்து, கடலையை ஊறவைத்து, அவித்து, மணலில் வறுத்து, மாவு பிசைந்து கொடுத்ததில் வீட்டுப் பெண்களின் உழைப்பு பாதிக்கு மேல்.

1973 அக்டோபர் 18

அந்தக் குடும்பங்கள் முதலில் குடியிருந்தது குனோங் சீரோ மலையடிவாரத்தில். தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து புறப்படும் காவடிகள் போய்ச் சேரும் சுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறதே, அதே மலைதான். வாடகை கொடுத்து நகருக்குள் வீடு எடுக்க வசதியில்லாதவர்கள் மலையை ஒட்டி நீள வீடு கட்டிக்கொண்டார்கள். பக்கத்திலேயே மாடு வளர்த்தார்கள்.

1973 அக்டோபர் 18ஆம் நாள், மலையின் ஒரு பெரும்பகுதி பெயர்ந்து குடியிருப்பின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் உயிரிழந்தனர். மாடுகளும் ஏராளமாக மடிந்தன. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. பலகாரத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தீபாவளிக்கு முந்திய வாரம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புப் பாறை கெட்டியாகத் தெரியும். ஆனால் மழைத்தண்ணீர் அதை உள்ளுக்குள்ளே மெல்ல மெல்லக் கரைக்கிறது. அப்படித்தான் குகைகள் உண்டாகின்றன, விரிசல்களும் அகலமாகின்றன. பம்ளிமாஸுக்கும் தவுகேக்கும் துணை நிற்பதாகச் சொல்லப்படும் அதே மலை, அதே தண்ணீர், அன்று பாறையாக வந்து விழுந்தது.

அதன் பிறகுதான் குனோங் சீரோ குடும்பங்களை அரசு புந்தோங்கில் குடியமர்த்தியது. அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. மறுபடியும் அடுப்பு மூட்டினார்கள். தலைச்சுமைத் தட்டு சைக்கிளாகி, மோட்டார் சைக்கிளாகி, கடையாகியது. அந்த இடத்தை இன்று கம்போங் கச்சாங் பூத்தே என்றே அழைக்கிறார்கள். நாட்டின் பல ஊர்களுக்கும் சிங்கப்பூருக்கும் இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் பலகாரம் போகிறது.

அன்று பாட்டி கரண்டியால் காட்டிய மலை இதுதான். ருசிக்கு ரகசியம் என்னவென்று கேட்டேன். அவர் சரியான பதிலைத்தான் சொன்னார். எனக்குத்தான் புரியவில்லை.

தூக்குச்சட்டியும் கொல்லையும்

எங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளிலும் மாரியம்மன் திருவிழாவிலும் கச்சாங் பூத்தேக்காரர் தோட்டத்துக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே தோட்டத்தைப் பேசாமல் இந்தக் கதை முடியாது.

ரப்பரின் தொடக்கமும் பேராக்கில்தான். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் ரெசிடெண்ட் 9 கன்றுகளை நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஒருநாள் பயணத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைப் பார்க்கலாம். நம் பாட்டன் பூட்டன்களைக் கடல் தாண்ட வைத்த மரம் அது.

தோட்டத்துச் சாப்பாடு ஏன் அப்படி இருந்தது என்பதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் விடியுமுன்பே பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே மரத்தடிக்குப் போக வேண்டும். காலையில் சமைக்க நேரம் ஏது? பழைய சோறு, வறுத்த கருவாடு, வரக்கோப்பி. தூக்குச்சட்டியில் எது கெடாதோ அதுதான் உணவு. லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லைதான் மற்றதைக் கொடுத்தது. குடும்பஸ்தருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டமே சொன்னது. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மரவள்ளி, பயற்றங்காய், நாலு கோழி. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி வரத்து நின்றபோது அந்த மரவள்ளிக்கிழங்குதான் பலருடைய உயிரைப் பிடித்து வைத்தது.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பிய தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் அரிசியைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ள விடாமல், பொதுவில் சமைத்துக் கொடுத்தார்கள். ஒரு தூக்குச்சட்டிச் சோறு அரசாங்க விவகாரமாக இருந்த காலம் அது.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. துரைமார்கள் விற்றுவிட்டுப் போக, தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் குறைந்தார்கள், லயங்கள் காலியாயின. எங்கள் பாட்டியும் தாமான் வீட்டுக்கு வந்தார். அங்கே கொல்லை இல்லை. கடைசிவரை ஒரு பெயிண்ட் டின்னில் கறிவேப்பிலைக் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கேட்டுவிட்டு வாருங்கள்

நேயர்களே, ஈப்போவுக்குப் போங்கள். குட்டி இந்தியாவில் வாழை இலையில் சாப்பிடுங்கள். தவுகே கோழியும் சாப்பிடுங்கள். தம்பூனில் பம்ளிமாஸை உரித்துத் தின்னுங்கள். பத்துகாஜா பக்கம் போனால் கெல்லி மாளிகையைப் பாருங்கள். கையோடு, அதற்கு அருகே அவருடைய தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையையும் நிமிர்ந்து பாருங்கள். சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட துரை ஒருவரும் நிற்பார்.

கடைசியாகப் புந்தோங்குக்குப் போங்கள். வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "நீங்கள் எந்த ஊர்? உங்கள் தாத்தா எங்கே தட்டுச் சுமந்தார்?" என்று கேளுங்கள். 1973இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அன்று அடுப்படியில் நின்றவர்களுக்கு இன்று என்ன வயதிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் கைத்தொலைபேசியில் பத்து நிமிடம் பதிவு செய்தாலே போதும்.

சென்ற ஆண்டு கேமரா இல்லாமல் நான் அங்கே மறுபடியும் போனேன். எண்ணெய்ச் சட்டியின் முன்னே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். பாட்டியைக் கேட்டேன். மருமகளாம். "அத்தை தவறி ரெண்டு வருசமாச்சு அண்ணே" என்றார்.

ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன். ருசி அப்படியேதான் இருந்தது. பாட்டி சொல்ல வந்த மீதிக் கதையை இனி யாரிடம் கேட்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பாட்டியிடமாவது இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.