பிளேக் பெற்ற சட்டமும் சுனாமி பெற்ற சட்டமும்

2020 மார்ச்சில் நம்மளை எல்லாம் வீட்டுக்குள்ள உக்கார வெச்சது யாருன்னு கேட்டா, கொரோனான்னுதான் சொல்வோம். சட்டப்படி பார்த்தா அது பாதி பதில்தான். 1896ல் பம்பாய்க்கு வந்த பிளேக்கும், 2004ல் நம்ம கடற்கரைக்கு வந்த சுனாமியும் சேர்ந்துதான் கதவைச் சாத்தின. கொரோனாவுக்குன்னு நம்மகிட்ட தனிச் சட்டம் இல்லை. பழைய பேரிடர்கள் விட்டுட்டுப் போன ரெண்டு சட்டங்களை எடுத்து தூசி தட்டித்தான் சமாளிச்சோம். அந்த ரெண்டும் பிறந்த கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல பிளேக். 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியெகாஸ் இது பிளேக்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். நகராட்சி ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. ஜனங்களுக்கு நோயை விட ஆஸ்பத்திரி மேலதான் பயம். அக்டோபரில் மில் தொழிலாளிகள் ஆயிரம் பேர் போல திரண்டு போய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். லட்சக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணினார்கள். துறைமுக வியாபாரம் படுத்துடுமோ என்ற கவலை வெள்ளைக்காரனுக்கு.

அப்படிப்பட்ட நேரத்தில் 1897 பிப்ரவரி 4ஆம் தேதி வந்ததுதான் தொற்றுநோய்கள் சட்டம். மொத்தமே நாலு பிரிவு. ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள படிச்சு முடிச்சிடலாம், நான் படிச்சேன். அரசாங்கம் தேவைன்னு நினைக்கிற எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தோடு வேலை செய்த அதிகாரி மேல வழக்கு போட முடியாது. சாரம் அவ்வளவுதான். நோயாளிக்கு என்ன உரிமை, வேலை இழந்தவனுக்கு யார் சோறு போடுறது, இதைப் பத்தி ஒரு வரி கிடையாது.

இந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டதுன்னு புனேயில் தெரிஞ்சது. பிளேக் கமிட்டித் தலைவராக வந்த டபிள்யூ. சி. ராண்ட், வெள்ளைக்காரச் சிப்பாய்களை விட்டு வீடுகளைச் சோதனை போட்டார். பூஜை அறை வரைக்கும் பூட்ஸ் காலோட போனதாக ஊரே கொதித்தது. 1897 ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைர விழா இரவில், சபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். கேசரி பத்திரிகையில் எழுதினதுக்காக திலகருக்கு ராஜத்துரோக வழக்கில் 18 மாசம் ஜெயில். ஒரு நோய்த் தடுப்புச் சட்டத்தோட முதல் வருஷமே இப்படி!

அடுத்தது சுனாமி. 2004 டிசம்பர் 26 காலையில் நடந்ததை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் போனார்கள். அதுக்கு முன்னாடியே 1999 ஒரிசா புயல், 2001 குஜராத் பூகம்பம் என்று அடி மேல் அடி. தனிச் சட்டம் வேணும்னு பேச்சு மட்டும் நடந்துட்டே இருந்தது. அதைச் சட்டமாக்கினது கடைசியில் அந்த அலைதான். பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்த நாள் 2005 டிசம்பர் 23. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மூணே நாள் முன்னாடி. பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், மேலிருந்து கீழே வரைக்கும் உத்தரவு போடும் அதிகாரம் எல்லாம் அதில் உண்டு.

15 வருஷம் கழிச்சு 2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவியில் வந்தார். நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு. உத்தரவு இந்த சுனாமிச் சட்டத்தின் கீழ்தான். 1897 சட்டத்தை எடுங்கன்னு மாநிலங்களுக்கு ஏற்கனவே அந்த மாசம் சொல்லியாச்சு.

இங்கதான் எனக்கு ஒண்ணு தோணுது. ஒவ்வொரு சட்டத்துக்கும் அதைப் பெத்த பேரிடரோட முகஜாடை இருக்கு. பிளேக் சட்டத்துக்கு நோயாளின்னா பிடிச்சுட்டுப் போக வேண்டிய உடம்பு. சுனாமிச் சட்டத்துக்கு ஆபத்துன்னா ஒரு மணி நேரத்தில் வந்து போற அலை. அலைக்கு நாலு மணி நேர அவகாசம் என்பது ரொம்பத் தாராளம். ஆனா வைரஸ் அலை இல்லையே! பம்பாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கட்டிடத் தொழிலாளிகள் குழந்தையைத் தோளில் வெச்சுக்கிட்டு நடந்தார்கள். முழுச் சம்பளம் கொடுக்கணும், ஒரு மாச வாடகை கேட்கக் கூடாதுன்னு மார்ச் 29ல் உத்தரவு வந்தது. மே 18லிருந்து அது செல்லாம போச்சு. ரெண்டு சட்டத்துக்கும் இந்த ஜனங்களைத் தெரியாது. ரெண்டும் பிறந்த நாட்களில் பிரச்சினையே வேற.

உயிரியல் பேரிடருக்கான வழிகாட்டி நூல் ஒண்ணை தேசிய ஆணையம் 2008லேயே போட்டிருக்கு. இல்லைன்னு சொல்லலை. ஆனா நெருக்கடியில் கை தன்னால போறது பழகின ஆயுதத்துக்குத்தான்.

ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். வேற ஊர்களிலும் சுகாதாரப் பணியாளர்களுக்கு அடி விழுந்தது. ஏப்ரல் 22ல் அவசரச் சட்டம் கொண்டு வந்து, அவர்களைத் தாக்கினால் 7 வருஷம் வரைக்கும் ஜெயில் என்று 1897 சட்டத்தில் சேர்த்தார்கள். ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரி மேல கல் விழுந்து 123 வருஷம் கழிச்சு!

சுனாமிச் சட்டத்தையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. அதன் 12ஆம் பிரிவு, இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை பற்றிப் பேசுது. அதைப் பிடித்துக்கொண்டு சிலர் சுப்ரீம் கோர்ட் போனார்கள். தொகையை முடிவு செய்யச் சொல்லி 2021 ஜூன் 30ல் தீர்ப்பு வந்தது. அப்படித்தான் கொரோனாவில் செத்தவர்கள் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைத்தது. ஒரு உயிருக்கு அது விலை இல்லைதான். ஆனா அந்தப் பிரிவு மட்டும் இல்லைன்னா அதைக் கேட்கவே வழி குறைவு. கடற்கரையில் போன உயிர்கள் விட்டுட்டுப் போனது அது.

நம்ம ஊர்ல மூணாவதா ஒரு சட்டம் உண்டு. 1939ல் ராஜாஜி மந்திரிசபை காலத்தில் வந்த சென்னை பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் சட்டம். குடிதண்ணீர், சாக்கடை, கக்கூஸ், கொசு, திருவிழாக் கூட்டம், பிரசவம்னு பக்கம் பக்கமா போகும். ஒரு நாள் நடந்த பயங்கரத்துக்காக இல்லாம, தினசரி வேலைக்காக எழுதினது. பொது சுகாதாரத்துக்குன்னே தனித் துறையும் மாவட்டம் தோறும் ஆட்களும் இங்க ரொம்ப காலமா உண்டு. 2020ல் சென்னை முழுக்க தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டப்போ உதவினது இந்தப் பழக்கம்தான் என்பது என் கட்சி.

1897 சட்டம் போதாதுன்னு 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையமும் அறிக்கை கொடுத்திருக்கு. புதுசா எழுதட்டும், வேண்டியதுதான். ஆனா கொரோனா முகஜாடையில் மட்டும் எழுதிட்டா, அடுத்தது வேற முகத்தோட வந்து நிக்கும். பயத்தில் எழுதின சட்டத்துக்கு அதிகாரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். சாக்கடையும் சம்பளமும் சாதாரண நாளில்தான் ஞாபகத்துக்கு வரும்.

சுகாதாரத் துறையில் வேலை பார்த்த பதிவர்கள் யாராவது அந்த 1939 சட்டத்தைப் பத்தி எழுதுங்களேன். முதல் ஆளா வந்து படிக்கிறேன்.